மழையின் நேரத்தைத் தேடி: விண்வெளி ரேடார் தரவோடு ஒரு செய்முறைப் பதிவு

செயற்கைக்கோள் படம் என்று நாம் வழக்கமாகப் பார்ப்பது மேகத்தின் மேல்பரப்பைத்தான். அகச்சிவப்புப் படத்தில் பளீரென்று வெள்ளையாக இருக்கும் மேகத்துக்குக் கீழே ஒரு சொட்டுகூட விழாமல் இருக்கலாம். மங்கலாகத் தெரியும் தாழ்ந்த மேகத்திலிருந்து நல்ல மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். மேகத்துக்குள் எந்த உயரத்தில், எவ்வளவு நீர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை மேலிருந்து நேரடியாக அளக்க வேண்டுமானால் ரேடார்தான் வேண்டும். அந்த ரேடார் தரவு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது என்பது இன்னமும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஒரு சாதாரண கணினியையும் பைத்தான் நிரல்மொழியையும் வைத்துக்கொண்டு, இந்தத் தரவிலிருந்து ஓர் இடத்து மழையின் பழக்கத்தை நாமே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் திட்டம். அதற்கு ஏற்கெனவே விடை தெரிந்த ஓர் இடம் வேண்டும். அப்போதுதான் நம் கணக்கு சரியா என்று சோதிக்க முடியும். சுமத்ராவின் மேற்குக் கடற்கரையை எடுத்துக்கொண்டேன். நிலநடுக்கோடு தீவின் நடுவே போகிறது. மேற்குக் கரையை ஒட்டி பாரிசான் மலைத்தொடர் தீவின் நீளம் முழுக்க நீள்கிறது. அதன் மிக உயரமான சிகரமான கெரின்சி 3,805 மீட்டர். பிற்பகலில் மலைப்பக்கம் பிடிக்கும் மழை இரவில் கடலை நோக்கி நகரும் என்பது வானிலை ஆய்வாளர்கள் நன்கு அறிந்த விஷயம். அந்த நகர்வை மூலத் தரவிலிருந்தே எடுத்துக்காட்ட வேண்டும்.

தரவு இரண்டு செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது. முதலாவது ட்ரிம். அமெரிக்காவின் நாசாவும் ஜப்பானும் சேர்ந்து 1997 நவம்பரில் ஏவியது. விண்வெளியில் இயங்கிய முதல் மழை ரேடார் அதில்தான் இருந்தது. இரண்டாவது, 2014 பிப்ரவரியில் ஏவப்பட்ட ஜிபிஎம் மையச் செயற்கைக்கோள். இதில் இரண்டு ரேடார்கள்: 13.6 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் கேயு, 35.5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் கேஏ. கேயு ரேடார் பறக்கும் பாதைக்குக் குறுக்கே 49 கற்றைகளை வீசி, ஏறத்தாழ 245 கி.மீ. அகலப் பட்டை ஒன்றை அளக்கிறது. தரையில் ஒரு கற்றையின் தடம் 5 கி.மீ. செங்குத்தாக 125 மீட்டருக்கு ஓர் அளவு வீதம் ஒரு கற்றையில் 176 அடுக்குகள். அதாவது தரையிலிருந்து 22 கி.மீ. உயரம் வரை மழையின் முழு உடம்பும் கிடைக்கிறது.

கோப்புகள் எச்டிஎஃப்5 வடிவில் இருக்கும். நாசாவின் எர்த்டேட்டா தளத்தில் கணக்குத் தொடங்கினால் போதும். ஒரு கோப்பு என்பது பூமியை ஒரு முறை சுற்றி வந்ததன் பதிவு. ஏறத்தாழ 7,900 குறுக்கு வரிசைகள். நமக்கு வேண்டியது அதில் சில நூறு வரிசைகள்தான். ஆகவே இறக்கும்போதே நம் பகுதிக்கு மட்டும் வெட்டித் தரும் வசதியைப் பயன்படுத்துவது நல்லது. இல்லாவிட்டால் வட்டு நிரம்பிவிடும்.

எடுத்தவுடன் சராசரிக் கணக்கில் இறங்காமல், முதலில் ஒரே ஒரு பெரிய மழைக்கூட்டத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். கற்றைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பறக்கும் திசையில் ஒரு குறுக்குவெட்டுப் படம் வரையுங்கள்: கிடையாகத் தூரம், நெடுக உயரம், நிறமாக எதிரொலி வலிமை. முதல் படம் திரையில் வந்ததும் நான் அதை விட்டு நகரவே இல்லை. ஒரு பக்கம் 15 கி.மீ. வரை எழுந்து நிற்கும் குறுகலான தூண்கள். அவற்றை ஒட்டி நூறு கி.மீ.க்கு மேல் பரந்து கிடக்கும் மெல்லிய மழை. அந்தப் பரந்த மழைக்குள், ஏறத்தாழ 4.5 கி.மீ. உயரத்தில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரு பளிச்சென்ற பட்டை.

அந்தப் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெப்பமண்டலத்தில் வெப்பநிலை பூஜ்யம் டிகிரி ஆகும் உயரம் ஏறத்தாழ 5 கி.மீ. அதற்கு மேலே பனித்துகள்கள், கீழே மழைத்துளிகள். கீழே இறங்கும் பனித்துகள் உருகத் தொடங்கும்போது அதன் மேல் நீர்ப்படலம் பூத்துவிடும். பனிக்கட்டியைவிட நீர் ரேடார் அலையை மிகப் பலமாகத் திருப்பி அனுப்பும். எனவே உருவத்தில் பெரிய பனித்துகள் அந்தச் சில நூறு மீட்டருக்கு ஒரு ராட்சதத் துளியைப் போல ரேடாருக்குத் தோன்றும். முழுவதும் உருகியதும் அது சிறு துளியாகச் சுருங்கும், வேகமாக விழும், துளிகளுக்கு இடையே இடைவெளி கூடும், எதிரொலியும் குறைந்துவிடும். பட்டை இருக்கும் உயரத்தை வைத்தே பூஜ்ய டிகிரி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வெப்பமானி எதுவும் அங்கே போகவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்தப் பட்டை இருந்தால் அது அமைதியாகப் பரந்து பெய்யும் அடுக்கு மழை. பட்டை இல்லாமல் தூணாக நின்றால், காற்று வேகமாக மேலெழும் வெப்பச்சலன மழை. கோப்பிலேயே ஒவ்வொரு புள்ளிக்கும் மழை வகை குறிக்கப்பட்டிருக்கும். எட்டு இலக்க எண்ணாக அது இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். முதல் இலக்கம்தான் முக்கியம்: 1 என்றால் அடுக்கு மழை, 2 என்றால் வெப்பச்சலன மழை, 3 என்றால் பிற. ஒரு கோடியால் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

எதிரொலி வலிமை டிபிஇசட் என்ற மடக்கை அலகில் இருக்கும். இது துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 2 மி.மீ. துளி ஒன்று, 1 மி.மீ. துளிகள் 64 சேர்ந்து தரும் எதிரொலியைத் தந்துவிடும். ஆனால் அதிலுள்ள நீர் எட்டுத் துளிகளின் நீர்தான். எதிரொலியை மழை அளவாக மாற்றுவதில் இருக்கும் சிக்கலெல்லாம் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். மார்ஷலும் பால்மரும் 1948இல் துளி அளவுகள் பற்றித் தந்த பங்கீட்டிலிருந்து பிறந்த பழைய சூத்திரப்படி, மணிக்கு 1 மி.மீ. மழை 23 டிபிஇசட் காட்டும், 10 மி.மீ. மழை 39 காட்டும். துளிகள் பெரிதாக இருக்கும் மழையில் இந்தச் சூத்திரம் மிகைப்படுத்திச் சொல்லும். ஜிபிஎம்மில் இரண்டு அதிர்வெண் வைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்: பெரிய துளிகள் இரண்டு அலைகளுக்கும் வேறுவேறு விதமாகப் பதில் சொல்வதால், அந்த வேறுபாட்டிலிருந்து துளியின் அளவைக் கணிக்கலாம்.

சராசரி எடுக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. மடக்கை எண்களை அப்படியே கூட்டி வகுத்தால் விடை தவறிவிடும். மடக்கையை நீக்கி, சராசரி எடுத்து, பிறகு மறுபடி மடக்கைக்கு மாற்ற வேண்டும். தரவு இல்லாத இடங்களில் -9999.9 என்ற எண் நிற்கும். அதையும் முதலிலேயே விலக்கிவிட வேண்டும்.

அப்புறம் இரண்டு தொல்லைகள். ஒன்று, கனமழைக்குள் புகும் அலை போகப் போக வலுவிழக்கும். கேஏ அலை சில நேரம் தரையைத் தொடுவதற்குள் முழுவதும் தேய்ந்துபோய்விடும். கேயு ஓரளவு தாக்குப்பிடிக்கும். இதைச் சரிசெய்ய, தரவைத் தயாரிப்பவர்கள் கையாளும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. மழை இல்லாத பக்கத்து இடத்தில் தரையிலிருந்தோ கடலிலிருந்தோ திரும்பும் எதிரொலி எவ்வளவு என்று தெரியும். மழைக்குள் அதே தரை எதிரொலி எவ்வளவு மங்கியிருக்கிறதோ, அந்த அளவுதான் வழியில் மழை விழுங்கியது. தரையையே அளவுகோலாக்கிவிட்டார்கள். கடல் பரப்பின் எதிரொலி பெரும்பாலும் சீராக இருப்பதால் இந்த முறை கடலில் நன்றாக வேலை செய்கிறது. காடும் மலையும் கலந்த நிலத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது, தரை இரைச்சல். நேர் கீழே பார்க்கும் கற்றையில் தரையின் எதிரொலி கடைசி ஒரு கி.மீ. உயரத்துக்குள்ளான மழையை மறைக்கும். ஓரக் கற்றைகள் ஏறத்தாழ 17 டிகிரி சாய்வாகப் போவதால், அங்கே மறைவு 2 கி.மீ. வரை ஏறும். மலை மேல் நிலைமை இன்னும் மோசம். கோப்பில் "தரைக்கு அருகிலான மழை" என்று ஓர் அளவு இருக்கிறது. ஆனால் அந்த "அருகு" ஒவ்வொரு கற்றைக்கும் ஒவ்வோர் உயரம். மலையையும் கடலையும் ஒப்பிடப்போகிற வேலைக்கு இது சரிப்படாது. அதனால் எல்லா இடத்துக்கும் பொதுவாகக் கடல் மட்டத்திலிருந்து 3 கி.மீ. உயரத்து மழை அளவை எடுத்தேன். உருகும் பட்டைக்குக் கீழே, பெரும்பாலான இரைச்சலுக்கு மேலே. இரைச்சலற்ற கடைசி அடுக்கு எது என்று கோப்பே சொல்லும். அது 3 கி.மீ.க்கு மேலே இருக்கிற புள்ளிகளைத் தள்ளிவிட்டேன். மலை உச்சிகளில் சில புள்ளிகள் இதனால் போகும். போகட்டும்.

இனிதான் முக்கியமான கணக்கு. ஜிபிஎம் ஒரு நாளில் ஏறத்தாழ 15.5 முறை பூமியைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நிலநடுக்கோட்டை இரண்டு தடவை கடக்கும். ஆக 31 கடப்புகள். ரேடார் அளக்கும் 245 கி.மீ. பட்டை சாய்வாக விழுவதால் கோட்டின் மேல் அதன் நீளம் 265 கி.மீ. என்று கொள்ளலாம். பெருக்கினால் 8,200 கி.மீ. சொச்சம். நிலநடுக்கோட்டின் நீளம் 40,075 கி.மீ. அதாவது ஒரு நாளில் ஐந்தில் ஒரு பங்குதான் பார்வைக்குள் வரும். ஓர் இடத்தை ஐந்து நாளுக்கு ஒரு முறை, அதுவும் ஒரு கணம்தான் ரேடார் பார்க்கும்.

வருடத்துக்கு 73 பார்வை. ஒரு நாளை மூன்று மணி நேரக் கட்டங்களாக எட்டாகப் பிரித்தால் கட்டத்துக்கு ஒன்பது. நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மழை பெய்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஓர் இடத்தில், ஒரு கட்டத்தில், வருடத்துக்கு ஒரே ஒரு மழைக் காட்சிதான் கிடைக்கும். ஒரு வருடத் தரவை எடுத்து மழையின் நேரத்தைச் சொல்கிறேன் என்று கிளம்பினால் கையில் வருவது தற்செயல்தான். நேற்றைய மழையையோ நாளைய மழையையோ பார்ப்பதற்கான கருவி இது இல்லை. வருடக்கணக்கில் சேர்த்து, மழையின் பழக்கத்தைப் பார்ப்பதற்கான கருவி.

அதனால்தான் ட்ரிம் தேவைப்படுகிறது. ஜிபிஎம்மின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 65 டிகிரி சாய்வு. ட்ரிம்முக்கு 35 டிகிரிதான். துருவப்பக்கம் போகாமல் வெப்பமண்டலத்தை ஒட்டியே சுற்றியதால், இதே கணக்கைப் போட்டால் அதற்குச் சுமத்ரா மூன்று நாளுக்கு ஒரு முறை என்ற அளவில் கிடைக்கிறது. பழைய ட்ரிம் ரேடார் தரவு முழுவதையும் ஜிபிஎம் வடிவிலேயே மறுபடி கணக்கிட்டு வெளியிட்டிருக்கிறார்கள். படிக்கும் நிரலில் பெரிய மாற்றம் தேவைப்படவில்லை. இரண்டின் பாதையும் சூரியனோடு ஒத்துப்போகாதது. கடக்கும் உள்ளூர் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போகும். எல்லா மணி நேரமும் பதிவில் வருவதற்குக் காரணம் அதுதான். தினமும் ஒரே நேரத்தில் கடக்கும் கோளாக இருந்திருந்தால் இந்தத் திட்டமே இல்லை.

இரண்டையும் அப்படியே சேர்த்துவிட முடியாது. 2001 ஆகஸ்டில் எரிபொருளை மிச்சப்படுத்த ட்ரிம்மை 350 கி.மீ. உயரத்திலிருந்து 402 கி.மீ.க்கு ஏற்றினார்கள்; கற்றைத் தடம் 4.3 கி.மீ.யிலிருந்து 5 ஆனது. 2018 மேயில் ஜிபிஎம்மின் கேஏ ரேடார் பார்க்கும் முறை மாறியது. 2023 நவம்பரில் ஜிபிஎம்மையும் உயரத்தில் ஏற்றினார்கள். இவற்றைச் சமாளிக்க மூன்று முடிவுகள் எடுத்தேன். இரண்டு கோள்களுக்கும் பொதுவான கேயு அலைவரிசையை மட்டும் எடுப்பது. 2023 அக்டோபரோடு நிறுத்துவது. ஜிபிஎம் பார்க்கும் மெல்லிய தூறலை ட்ரிம்மால் பார்க்க முடியாது என்பதால், மணிக்கு அரை மி.மீ.க்குக் குறைந்த எதையும் இரண்டிலும் மழையில்லை என்றே கொள்வது. ட்ரிம் பார்க்கக்கூடிய மிக மெல்லிய எதிரொலியான 18 டிபிஇசட் ஏறத்தாழ இந்த அளவு மழைக்குத்தான் ஈடு.

கட்டம் பிரிப்பதில் திசைதான் முக்கியம். சுமத்ராவின் கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து போகிறது. அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்களில் சராசரி எடுத்தால் கடலும் மலையும் கலந்துவிடும். ஆயங்களைச் சுழற்றி, ஒவ்வொரு புள்ளிக்கும் கரையிலிருந்து செங்குத்துத் தூரத்தைக் கணக்கிட்டேன். கடலுக்குள் 300 கி.மீ. முதல் நிலத்துக்குள் 200 கி.மீ. வரை, 25 கி.மீ. அகலத்தில் கீற்றுகள். கரையின் நீளம் முழுக்க ஒரே கீற்றாகச் சேர்வதால் பார்வைகளின் எண்ணிக்கையும் பல மடங்கு கூடுகிறது. நேரத்துக்கு, கோப்பிலுள்ள உலகப் பொது நேரத்தோடு தீர்க்கரேகையைப் பதினைந்தால் வகுத்துக் கூட்டினேன். மழையை நடத்துவது சூரியன். ஆகவே அரசாங்கக் கடிகார நேரத்தைவிடச் சூரிய நேரமே பொருந்தும்.

கீற்றுக்கும் நேரத்துக்கும் இரண்டு அட்டவணைகள்: ஒன்றில் மழையின் கூட்டுத்தொகை, மற்றதில் பார்வைகளின் எண்ணிக்கை. மழையில்லாத பார்வையும் இரண்டாவதில் சேர வேண்டும். மழை பெய்த புள்ளிகளை மட்டும் எண்ணி வகுத்தால் கிடைப்பது "பெய்யும்போது எவ்வளவு கடுமையாகப் பெய்கிறது" என்பதற்கான விடை. அது வேறு கேள்வி. இந்த இரண்டு அட்டவணைகளையும் கடைசி வரை பிரித்தே வைத்திருந்தால், வருடத்தையோ பருவத்தையோ எப்படி வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

கிடைத்த படத்தில் கிடையச்சு கரையிலிருந்து தூரம், நெட்டச்சு நேரம். வானிலையாளர்கள் இதை ஹோவ்மோல்லர் படம் என்பார்கள். மழை எங்கும் நகராமல் இருந்தால் நிறத் திட்டுகள் நேராக நிற்கும், நகர்ந்தால் சாயும். சாய்ந்தது. பிற்பகலில் பாரிசான் சரிவுகளில் தொடங்குகிறது. மாலையில் மலைக்கும் கரைக்கும் நடுவே உச்சம். இரவு ஏற ஏறக் கரையைத் தாண்டுகிறது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே கடல் மேல் பெய்கிறது. காலையில் கடல் மேல் மெல்லத் தேய்கிறது. மலைக்குக் கிழக்கேயும் எதிர்த்திசையில் ஒரு சாய்வு தெரிந்தது. மழை உள்நாட்டுப் பக்கமாகவும் போகிறது. கரையிலிருந்து நூறு கி.மீ.க்குச் சற்று அப்பால் பிற்பகலில் ஒரு சின்னத் திட்டு தனியாக நின்றது. அது நியாஸ், மெந்தாவாய் தீவுகள். அவற்றுக்கும் சொந்தமாக ஒரு பகல் மழை உண்டு. கோப்பிலுள்ள நிலமா கடலா என்ற குறியை வைத்துத் தீவுப் புள்ளிகளை நீக்கியதும் திட்டு போய்விட்டது.

மழை வகையைப் பிரித்துப் போட்ட படம்தான் என்னை அதிகம் கவர்ந்தது. பிற்பகல் மழையில் வெப்பச்சலனத்தின் பங்கு பெரிது; எதிரொலியின் உச்சி உயரம் அப்போதுதான் அதிகம். நேரம் போகப் போக அடுக்கு மழையின் பங்கு ஏறுகிறது. ஒற்றைக் குறுக்குவெட்டில் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்த தூணும் பரந்த மழையும், இங்கே வருடக்கணக்கான சராசரியில் முன்னும் பின்னுமாக வரிசையில் நிற்கின்றன. மழைக்கூட்டம் பிறந்து, வளர்ந்து, முதிர்ந்து பரவும் வாழ்க்கையை ஒரு கணத்துக்கு மேல் எதையும் பார்க்காத கருவியிலிருந்து எடுக்க முடிகிறது.

எவ்வளவு நம்பலாம்? ஒரு கடப்பில் ஒரே மழைக்கூட்டம் நூற்றுக்கணக்கான புள்ளிகளை நிரப்பும். அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணினால் பிழைவரம்பு பொய்யாகச் சிறுத்துவிடும். ஆகவே கடப்புகளை அலகாக வைத்து, அவற்றைக் குலுக்கித் தெரிந்தெடுத்து மறுபடி மறுபடி சராசரி எடுத்தேன். சாய்வு எல்லாவற்றிலும் நிலைத்தது. கடலுக்குள் 200 கி.மீ.க்கு அப்பால் உச்ச நேரம் தடுமாறியது. அந்தப் பகுதியை வைத்து எதுவும் சொல்லமாட்டேன்.

ஐமெர்க் தரவோடும் ஒப்பிட்டேன். பல செயற்கைக்கோள்களின் நுண்ணலை, அகச்சிவப்பு அளவுகளைச் சேர்த்து அரை மணிக்கு ஒரு முறை, 0.1 டிகிரி கட்டத்தில் தருவது அது. பார்வை இடைவெளிச் சிக்கல் அதில் இல்லை. அதே சாய்வு அதிலும் வந்தது. ஆனால் நிலத்தின் மேல் உச்சம் ரேடாரைவிடக் கொஞ்சம் தாமதமாக வந்தது. நிலத்தின் மேல் அந்த முறைகள் மேகத்தின் மேற்பகுதியில் இருக்கும் பனியையும் குளிர்ந்த உச்சியையும் பெரிதும் நம்புகின்றன. அவை விரிந்து பரவுவது கனமழை விழுந்த பிறகு. நேரம் என்று வந்தால் நான் ரேடாரின் பக்கம்தான்.

ஏன் நகர்கிறது என்பதை இந்தத் தரவு சொல்லாது. பகலில் கடற்காற்றும் சூடான மலைச்சரிவும் மேகத்தைக் கிளப்புவதில் பெரிய சர்ச்சை இல்லை. இரவில் கடலுக்குப் போவதற்கு, நிலக்காற்றும் மழையில் குளிர்ந்து வெளியே பாயும் காற்றும் கடலோரத்தில் புது மேகங்களைக் கிளப்புகின்றன என்பது ஒரு விளக்கம். மலை மேல் பிறந்து, காற்று மேலும் கீழும் ஆடுவதால் பரவும் ஈர்ப்பு அலைகள் (விண்வெளியின் ஈர்ப்பலைகள் அல்ல) என்பது இன்னொன்று. ஜிபிஎம் ரேடாரில் டாப்ளர் இல்லை. காற்றின் வேகத்தை அது அளக்காது. 2024 மேயில் ஏவிய எர்த்கேர் செயற்கைக்கோளின் 94 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு டாப்ளர் உண்டு. ஆனால் அது மேகத்துக்கானது. கனமழையில் சீக்கிரம் வலுவிழக்கும். தவிர, சூரியனோடு ஒத்த பாதை என்பதால் நாள் முழுதும் ஓடும் இந்தச் சுற்றை அதனால் பிடிக்க முடியாது.

இப்போது அதே இரண்டு அட்டவணைகளையும் பருவவாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். பிரிக்கப் பிரிக்கக் கட்டத்துக்கு வரும் பார்வைகள் குறைகின்றன. மூன்று மணி நேரக் கட்டத்தை ஆறு மணி நேரமாக்கவா, 25 கி.மீ. கீற்றை 50 ஆக்கவா என்பதுதான் இப்போதைய கேள்வி. சாய்வுதான் வேண்டும் என்பதால் நேரத்தை விட்டுக்கொடுக்காமல், கீற்றை அகலமாக்கி ஓட்டிப் பார்க்கிறேன்.